உள்ளி மணக்காத இலை

ஜெர்மனியின் ஹம் நகரில் கமலநாயகியின் வீட்டுப் பின்புறத் துண்டு நிலத்தில் வெயில் என்பதே கிடையாது. பீச் எனும் பெரிய காட்டு மரம் ஒன்று கவிந்து நிற்கிறது. மிளகாய் வைத்தாள், தக்காளி வைத்தாள். எல்லாம் சோணிச் செடிகளாகிச் செத்தன. பிறகுதான், இந்த ஊர்க் காட்டில் தானாக வளர்வதையே வைப்போம் என்று இறங்கினாள். மரம் இலை விடுமுன் பூத்து முடிக்கிற வெள்ளை அனிமோன், அடுத்து இலையில் பூண்டு மணக்கும் காட்டு உள்ளி, வேலியோரம் மே மணிப்பூ. சருகைக் கூட்டாமல் விட்டாள். பதினொரு வருடத்தில் நிலம் நிறைந்தது. வசந்தம் வந்தால் காட்டு உள்ளி இலையில் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்வாள். கணவர் விமலநாதனுக்கு அது இருந்தால் வேறு கறி வேண்டாம்.

சித்திராப் பௌர்ணமியன்று, டோட்முண்ட் முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து ரயிலேறியதும் வீட்டுக்குப் போன் எடுத்தாள். இறந்த தாய்க்காக விமலநாதன் பிடிக்கும் விரதம் அது. சமையலும் அவரே.

"என்னப்பா, முடிஞ்சுதோ?"

"ஓம். பருப்பு, கத்தரிக்காய், உம்மட வறையும் செய்தாச்சு."

"விரதத்துக்கு உள்ளியோ?"

"நான் என்ன விசரனே? வேலிக்கரையில நிண்டதை மணந்து பாத்துத்தான் வெட்டினனான். உள்ளி மணம் துளியும் இல்லை."

வேலிக்கரையில் நிற்பது உள்ளியல்ல. மே மணிப்பூவின் இலையும் காட்டு உள்ளி இலையும் பார்வைக்கு ஒன்றுபோல. ஒன்று கறி, மற்றது இதயத்தைத் தாக்கும் நஞ்சு. மணம்தான் காட்டிக்கொடுக்கும். அந்த மணத்தையே அவர் விலக்கியிருக்கிறார்.

"அதை வாயில வைக்காதேங்கோ. கேக்குதே?"

தொடர்பு அறுந்திருந்தது. திரும்ப எடுத்தாள், மணி அடித்துக்கொண்டேயிருந்தது. படைக்கும்போது போனை அறைக்குள் வைத்துவிடுவார். மேல்வீட்டுப் பிறேமாவுக்கு எடுத்தாள்; அவளும் எடுக்கவில்லை. ரயில் நடுவழியில் ஐந்து நிமிடம் நின்றது. வேலிக்கரையில் நிற்பது நஞ்சு என்று இத்தனை வருடத்தில் ஒருநாளாவது சொன்னேனா? சொல்லவில்லை. இலை கிள்ளுவது தன் கைதானே என்றிருந்துவிட்டாள்.

ஸ்டேஷனிலிருந்து ஓடினாள். விமலநாதன் பல்கனிக் கதவருகே, பசிக்களையோடு உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிட்டனீங்களோ?"

"எங்க சாப்பிடுறது? காகத்துக்கு வைச்சு முக்கால் மணித்தியாலம். ஜெர்மன் காகத்துக்கு எங்கட சோறு கண்ணில படேல்லைப் போல."

"உப்புப் பாத்தனீங்களோ?"

"படைக்கிறதை ஆர் வாயில வைப்பினம்? என்ன, முகமெல்லாம் வெளிறிப்போய் நிக்கிறீர்?"

அவள் பல்கனியில் காகத்துக்கு வைத்த சோற்றை முதலில் குப்பைப் பையில் அள்ளினாள். பிறகு வறைச் சட்டி, ஒரே அகப்பை பட்டிருக்கும் என்று பருப்பும் கத்தரிக்காயும் சோறும். பையை இறுக்கிக் கட்டி, கையைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அவர் பையைப் பார்த்தார்.

"அப்ப அம்மாவுக்கு என்னத்தைப் படைக்கிறது?"

அவள் தோட்டத்துக்குப் போய் நடுப்பாத்தியில் ஒரு பிடி இலை கிள்ளிவந்து அவர் மூக்கடியில் கசக்கிப் பிடித்தாள். உள்ளி மணம் குப்பென்று அடித்தது.

"விரதமெல்லோ?" என்றவர், இலையை இன்னொருமுறை மணந்து, "அம்மாவுக்கும் உள்ளி எண்டால் விருப்பம்தான்" என்றார்.

அரிசியை மறுபடி அடுப்பில் ஏற்றிவிட்டு, கமலநாயகி இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் கழுவினாள்.