தறி நின்ற நாளும் என் சார்ஜரும்

செல்லூரில் எங்கள் சந்தில் இரவும் பகலும் விசைத்தறி ஓடும். அது ஓடும் வரை வீட்டில் வோல்டேஜ் நூற்றெழுபதைத் தாண்டாது. நடக்க முடியாத என் தங்கை விளாங்குடிப் பள்ளியில் டீச்சர். பேட்டரி மூன்று சக்கர வண்டியில் தானே போய்த் தானே வருவாள். வண்டியோடு வந்த சார்ஜர் எங்கள் வீட்டுக் கரண்டுக்குச் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

“பள்ளிக்கூடத்துல கரண்டு நல்லா இருக்குண்ணே. அங்கனயே சார்ஜ் போட்டுக்கிறேன், கேட்டுட்டேன்” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக ஊரார் ஸ்டெபிலைசரை ரிப்பேர் பார்க்கிறவன் நான். “அப்ப நான் எதுக்கு இருக்கேன்?” என்று அவள் வாயை அடைத்தேன்.

நூற்றெழுபதிலேயே பேட்டரி நிறைகிற மாதிரி ஒரு சார்ஜர் செய்தேன். வோல்டேஜ் ஏறினால் தானாக நிறுத்திவிடும் சர்க்யூட்டும் அதில் இருந்திருக்க வேண்டும். செய்யத் தெரியாதவன் இல்லை. நம் சந்தில் எங்கே ஏறப்போகிறது என்ற திமிர்.

மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு சனிக்கிழமை சந்துக் கடைசி வீட்டில் ஒரு பெரியவர் இறந்துபோனார். எங்கள் சந்தில் சாவு என்றால், சுடுகாடு போனவர்கள் திரும்பும் வரை தறி ஓட்டக்கூடாது. விஷயம் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்த இரண்டு பட்டறைக்கும் நானே போய், “நிப்பாட்டுங்கண்ணே, சாவு விழுந்துருச்சு” என்று சொல்லிவிட்டுத் தத்தனேரிச் சுடுகாட்டுக்குக் கிளம்பினேன். வண்டி வீட்டில் சார்ஜில் கிடந்தது. தறிச்சத்தம் நின்றது காதில் விழுந்தது. வோல்டேஜ் ஏறும் என்பது மட்டும் இந்த மண்டைக்கு உறைக்கவில்லை.

குளித்துவிட்டுத் திரும்பினால் வாசலெல்லாம் அழுகிய முட்டை நாற்றம். நாலு பேட்டரியும் வயிறு உப்பிக் கிடந்தன. பக்கத்தில் தரையில் தங்கை உட்கார்ந்திருந்தாள். நாற்றம் வந்ததும் சுவிட்சை அணைக்க உள்ளறையிலிருந்து தவழ்ந்து வந்திருக்கிறாள். சுவிட்சை நான் என் உயரத்துக்கு அடித்திருந்தேன்.

“கூப்பிட்டேன். கொட்டுச் சத்தத்துல யாருக்கும் கேக்கல. நீ போனையும் வச்சுட்டுப் போயிட்ட” என்றாள். சுவிட்சை அணைத்தேன். இன்னொரு ப்ளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். இருநூற்று ஐம்பத்திரண்டு. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல ஆத்திரம் வந்தது.

திங்கட்கிழமை அவளைப் பள்ளியில் கொண்டுபோய் விட பைக்கை எடுத்தேன். “வேணாம்ணே, ஆட்டோ சொல்லிட்டேன்” என்றாள்.

பேட்டரி மாற்றினேன். நூற்றைம்பதிலிருந்து இருநூற்றெழுபது வரை தாங்குகிற புது சார்ஜர் செய்தேன். சுவிட்சையும் அவள் தரையில் உட்கார்ந்தபடி எட்டும் உயரத்துக்கு இறக்கினேன். அவள் பள்ளிக்கூடத்தில்தான் சார்ஜ் போடுகிறாள்.