இசக்கிமுத்துவும் வெள்ளிக்கிழமை நகலும்

ஞாயிற்றுக்கிழமை காலை, குன்றத்தூர் வீட்டில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. இருங்காட்டுக்கோட்டையில் இசக்கிமுத்துவோடு ஒரே அறையில் தங்கியிருந்த முருகேசன் பேசினான். "அண்ணே, இசக்கி அண்ணன் செத்துப் போயிட்டாருண்ணே. காலையில எழுப்புறேன், எந்திரிக்கல. உடம்பு சில்லுன்னு கிடக்கு." எண்ணெய்க் கையில் போன் வழுக்கியது. துக்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பயம். பத்து நாளாகியும் அது போகவில்லை. அவனை அறிந்த நண்பர்களான உங்களிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கார் கதவுப் பூட்டு செய்யும் எங்கள் தொழிற்சாலையில் அவன் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ், நான் குவாலிட்டி. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனாலும் 'அவர்' என்று எழுதினால் விழுந்து விழுந்து சிரிப்பான். திருநெல்வேலிக்காரன். என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எப்போதும் "வே"தான்.

எங்கள் பிரிவுக்கு இருந்தது ஒரே ஒரு லேப்டாப். அசெம்ப்ளி லைனில் அளந்த அளவுகள் எல்லாம் அதில்தான். அதற்கு வைரஸ் பிடித்தது. வேலை நடுவே திரையில் ஒரு கட்டம் வரும், அறுபதிலிருந்து எண்கள் இறங்கும், பட்டென்று அணைந்துவிடும். உள்ளே இருந்த விண்டோஸும் யாரோ போட்டுக்கொடுத்த திருட்டு நகல். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட் வர இரண்டு வாரம்தான் இருந்தது. மேலாளர் வரதராஜன் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "விண்டோசுக்குப் பதிலா லினக்ஸ் போடலாம் சார். லைசென்ஸ், காசு ஒண்ணும் கேக்காது" என்று இசக்கிதான் சொன்னான். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடி அவனிடம் இருந்தது. லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அந்த சிடியிலிருந்தே ஓடும், பார்த்துவிட்டுப் பிடித்தால் போட்டுக்கொள்ளலாம் என்றான்.

டெஸ்க்டாப் என்னும் திரை முகப்பில் மூன்று வகை அந்த சிடியில் இருந்தன. எதைப் போடுவது என்பதில் எனக்கும் அவனுக்கும் மூன்று நாள் சண்டை. கேடிஇ போடு என்றேன் நான். அதைக் கொஞ்சம் திருத்தினால் விண்டோஸ் மாதிரியே இருக்கும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். என் புத்தி அப்படித்தான் போகும். "ஒளிச்சு வைக்கவா வே மாத்துதோம்?" என்று கேட்டான். மூன்று டெஸ்க்டாப்புகளையும் ஷிஃப்டுக்கு ஒன்றாகத் திறந்து லைன் பெண்களிடம் கொடுத்தான். கேடிஇ திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். க்னோம் பரவாயில்லை. எக்ஸ்எஃப்சிஇ என்ற சின்னது, அந்தக் கிழட்டு லேப்டாப்பிலும் சட்டென்று திறந்தது. "அழகைப் பாக்காதீரும் வே. கிளவுஸ் போட்ட கை எதுல தப்பில்லாம அமுக்குதோ, அதான் நமக்கு டெஸ்க்டாப்." அதுவே முடிவானது. பெரிதாக நான்கு ஐகான், அவ்வளவுதான்.

இனி என் யோக்கியதையைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் லேப்டாப்பில் உள்ளதை சிடியில் நகல் எடுத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலை. மூன்று மாதமாக நான் நகல் எடுக்கவில்லை. கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது நான் நிரந்தரம் ஆகாதவன். அந்த அளவுகள் போனால், என் பொய்யும் வெளியே வரும், வேலையும் போகும்.

ஆயுத பூஜையன்று லைன் நின்றுவிடும், அப்போது இசக்கியின் சிடியைப் போட்டு, கேபிள் வழியாகப் பக்கத்துப் பிரிவின் கம்ப்யூட்டருக்கு எல்லாவற்றையும் நகல் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். போய்ப் பார்த்தால் லேப்டாப் சந்தனமும் குங்குமமுமாக, போல்ட் முறுக்கும் டார்க் ரெஞ்சுகளுக்கு நடுவே பூஜையில் உட்கார்ந்திருக்கிறது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. சுண்டலை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். "நாளைக்கு விஜயதசமி. புதுசா ஆரம்பிக்க நல்ல நாள். காலையிலேயே போட்டுடுங்க" என்றார் வரதராஜன் சார்.

விஜயதசமி காலை ஒன்பது மணி. ஷெட்டில் நாங்கள் இருவர் மட்டும். லேப்டாப் மூடியில் சந்தனம் காய்ந்திருந்தது. இசக்கி திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"கடைசியா எப்ப வே காப்பி எடுத்தீரு?"

"போன வெள்ளிக்கிழமைபா."

"எல்லாம் இருக்கா?"

"இருக்குதுபா."

ஹார்ட் டிஸ்க்கில் உள்ளது முழுவதையும் அழித்துவிட்டு நிறுவலாமா என்று திரை கேட்டது. வைரஸ் ஒட்டிய இடமே இருக்கக் கூடாது என்று அவன் அதைத்தான் தேர்ந்தெடுத்தான். விரல் எண்டர் மேல் போனது. சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும். அது தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அந்த இரண்டு விநாடியில் நான் எப்படிப்பட்டவன் என்பதை நானே பார்த்தேன்.

"நில்லுபா! அமுக்காத! காப்பி இல்ல. மூணு மாசமா ஒண்ணுமே இல்ல. சும்மா கையெழுத்துதான் போட்டுக்கினு இருந்தேன்."

சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. "உம்ம சோலிய முடிச்சிருப்பேனே வே" என்றான் மெதுவாக. பிறகு, "நானுந்தான் தப்பு பண்ணிட்டேன். கேட்டேன், சிடியைக் காட்டும்னு சொல்லலையே" என்றான்.

நிறுவுவதை நிறுத்தி, சிடியிலிருந்து ஓட்டி, அளவுகளை அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்தோம். ஒவ்வொரு கோப்பையும் அங்கே திறந்து பார்த்த பிறகே எண்டரை அழுத்தினான். யாருக்கும் தெரிய வேண்டாம், சிடியில் போட்டு வைத்துவிடலாம் என்று நான் கெஞ்சினேன். "சிடி வந்துரும். நீரு போட்ட கையெழுத்தெல்லாம் என்ன செய்ய? நீரே போய்ச் சொல்லும். நான் கூட வாரேன்." மறுநாள் வரதராஜன் சார் அறை வரை என் தோளில் கை வைத்து நடந்து வந்தான். "உன் கையெழுத்தை நம்பித்தானேப்பா நான் கீழே என் கையெழுத்தைப் போடுறேன்" என்றார் சார். நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது. வேலை போகவில்லை.

பிறகு அவன், தங்கும் அறையை மாற்றாமலே, ஒரகடம் பக்கம் புதிய தொழிற்சாலைக்குப் போய்விட்டான். வாரம் ஒருமுறை போனில் பேசுவோம். போன மாதம் பேச்சோடு பேச்சாக, "மாடி ஏறுனா நெஞ்ச அடைக்கி வே" என்றான். டாக்டரைப் பார் என்றேன். அடுத்த வாரம் மறக்காமல் கேட்டேன். "பாத்தாச்சி வே. ஈசிஜி எல்லாம் எடுத்தாச்சி. ஒண்ணும் இல்லேன்னுட்டாவ" என்றான். எனக்கு நிம்மதியாகிவிட்டது. புது டெஸ்க்டாப்புகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம்.

இசக்கியின் பெட்டியை ஊருக்கு அனுப்பக் கட்டிக்கொண்டிருந்தபோது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனான் என்று முருகேசனிடம் கேட்டேன். அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "ஆஸ்பத்திரியா? எங்கண்ணே போனாரு? ஒரு மாசமா லீவே போடல. ஓவர்டைம் மேல ஓவர்டைம்."

நண்பர்களே, இசக்கிமுத்துவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது பயம் ஒன்றுதான். நான் அதை விடப் போவதில்லை. இனி உங்களில் யார் டாக்டரைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னாலும், சீட்டைக் காட்டு என்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவனிடம் நான் கேட்கவில்லை.