ஆறாவது வேலைநாள்

ஓய்வு பெற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் பேச வரச் சொல்லி அழைப்பு வந்தது. தலைப்பு: மீத்திறன் மாணவர்களைப் புரிந்துகொள்வதும் அவர்களுக்குத் துணைநிற்பதும். தமிழ் டிவிஷனில் இத்தனை வருடம் கணக்கு நடத்தியவள், இவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார்கள். நானும் மடிப்புக் கலையாத சேலையில் போய் ஒரு மணி நேரம் பேசினேன். அப்படிப்பட்ட பிள்ளை எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்றேன். சீக்கிரம் முடித்துவிட்டால் அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கைக் கொடுத்து உட்கார வைக்காதீர்கள் என்றேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள், கைதட்டினார்கள், சாயாவும் பருப்பு வடையும் தந்தார்கள். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருவனந்தபுரம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். எங்களுடையது மலையாளப் பள்ளிக்கூடம். அதன் ஒரு ஓரத்தில் வகுப்புக்கு ஒன்றாகத் தமிழ் டிவிஷன்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலைநாளில் தலை எண்ணுவார்கள். அன்றைக்குள்ள எண்ணிக்கைதான் அந்த வருடத்துக்கு. ஒரு தலை குறைந்தாலும் டிவிஷன் விழும். டிவிஷன் விழுந்தால் கடைசியாக வேலைக்குச் சேர்ந்த டீச்சர் வெளியே போக வேண்டும். அதனால் ஏப்ரல், மே வெயிலில் நாங்கள் பிள்ளை பிடிக்கக் கிளம்புவோம். நாங்களே வைத்துக்கொண்ட பெயர்தான் அது. கரமனை அக்ரகாரத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்று தமிழில் விசாரித்தால், வீட்டுப் பிள்ளை உள்ளே பார்த்து மலையாளத்தில் குரல் கொடுக்கும். அம்மா வெளியே வந்து, "தமிழ் படிச்சா என்ன கிட்டும் டீச்சரே?" என்பாள். அதற்கு எங்களிடம் இருந்த ஒரே பதில் ஒரு புதுப் பையும் ஒரு குடையும்.

அப்படி ஒரு வெயிலில்தான் அவளைக் கண்டுபிடித்தேன். பத்து வயசு. அப்பாவும் அம்மாவும் போனக்காட்டில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். தம்பானூரில் லாட்ஜ் ஒன்றில் விரிப்பு துவைத்துக்கொண்டிருந்த அத்தை, படிக்கவைப்பதற்காக அவளைத் தன்னுடன் வைத்திருந்தாள். நான் குடையை நீட்டினேன். அவள் வாங்கி விரித்துப் பார்த்து, "கம்பி எட்டு இருக்கு டீச்சர். ஏன் ஏழு வைக்க மாட்டாங்க?" என்று கேட்டாள். வாயாடி என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் வைக்கும் பெயர் அதுதானே.

வகுப்பில் நான் கணக்கை எழுதி முடித்துத் திரும்புவதற்குள் அவள் விடை போட்டிருப்பாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சும்மா இருந்தால் கெட்டுப்போவாள் என்று மற்றவர்களின் நோட்டைத் திருத்தக் கொடுத்தேன். அதை அவளுக்குத் தரும் பெருமை என்று நம்பினேன். யோசித்தால், என் வேலையில் பாதியை அவள் தலையில் கட்டியிருக்கிறேன். அவளும் சிவப்புப் பேனாவைப் பிடித்து ஒழுங்காகத் திருத்துவாள். எழுந்து நின்று எதுவும் கேட்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டாள்.

ஏழாம் வகுப்பில் முக்கோணம் நடத்தினேன். மூன்று கோணங்களையும் கூட்டினால் நூற்றெண்பது, எப்போதும் நூற்றெண்பது என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை அவள் தோட்டத்து வீட்டு மரத்திலிருந்து ஒரு பெரிய கம்பிளி நாரங்காயைச் சுமந்துகொண்டு வந்தாள். ஊரில் சிலர் பம்ளிமாஸ் என்பார்களே, அது. அதன் பச்சைத் தோலில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு முக்கோணம் வரைந்திருந்தாள். காம்பிலிருந்து இரண்டு கோடுகள் இறங்கி, நடு இடுப்பைச் சுற்றிய கோட்டில் முட்டின.

"மூணு மூலையும் மட்டமா, தொண்ணூறா வருது டீச்சர். அப்போ இருநூத்தி எழுபது. நீங்க எப்பவும் நூத்தியெம்பதுன்னு சொன்னீங்க."

நான் அந்தப் பழத்தைக் கையில் வாங்கினேன். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரியில் எங்கோ ஒரு மூலையில் படித்து மறந்ததை, ஒரு குழந்தை தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டில் உட்கார்ந்து தானாகக் கண்டுபிடித்திருந்தது. "இது எனக்கும் சரியாகத் தெரியாது, படித்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்றேன். என் ஆசிரியர் வாழ்க்கையில் நான் ஒரு பிள்ளையிடம் செய்த மிக நல்ல காரியம் அந்த ஒரு வாக்கியம்தான். அவள் முகம் மலர்ந்ததை இப்போதும் கண் முன்னால் பார்க்கிறேன்.

பழத்தைக் கணக்கு மேளாவுக்குக் கொண்டுபோனோம். பரிசு கிடைக்கவில்லை, அட்டையில் மின்விளக்கு எரியவிட்ட பையன்களுக்குக் கிடைத்தது. ஆனால் நடுவராக வந்திருந்த ஒரு பேராசிரியை அவளுடன் அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"டீச்சரே, இந்தக் குட்டிய இப்படி விட்டா வாடிப்போகும். எங்க காலேஜ் பக்கத்துல ஒரு ஸ்கூல் இருக்கு, ஹாஸ்டலும் உண்டு. எட்டாம் கிளாஸ்ல ஒரு ஸீட் நான் சொல்லி வைக்கறேன். ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நானே கிளாஸ் எடுக்கறேன். ஜூன் முதல் வாரமே வந்து சேரணும் கேட்டோ. அதுக்கு மேலே ஸீட் நிக்காது."

அவளுடைய அப்பாவுக்கு நானே ஆள் அனுப்பிச் சொன்னேன். அந்த மேயில் எல்லோரிடமும் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். மனசார மகிழ்ந்தேன். அதில் பொய் இல்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. எட்டாம் வகுப்புத் தமிழ் டிவிஷனில் எண்ணிப் பார்த்தோம். அவளையும் சேர்த்தால் சரியாக வேண்டிய எண்ணிக்கை, ஒன்றுகூட அதிகம் இல்லை. கடைசியாகச் சேர்ந்த டீச்சர் நான். வீட்டில் அப்போது என் சம்பளம் ஒன்றுதான். தலைமையாசிரியை வராந்தாவில் என்னை நிறுத்தி, "குட்டிகள் திகயுமோ டீச்சரே?" என்று கேட்டார். எண்ணிக்கை தேறுமா என்று அர்த்தம். தேறும் என்றேன்.

இரண்டாவது நாள் அவளுடைய அப்பா வந்துவிட்டார். போனக்காட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து, மழையில் நனைந்து, சட்டைப் பைக்குள் பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு. டி.சி. வாங்க வந்திருந்தார். மகள் பின்னால் நின்றாள்.

"டீச்சரம்மா, இன்னைக்கே கிட்டிச்சுன்னா இவளை அங்க விட்டுட்டு நான் சாயங்கால பஸ்ஸுக்குப் போயிருவேன்."

நான் சொன்னது இது: "கிளார்க் லீவுல இருக்கார். ரெஜிஸ்டர் அவர் பீரோவுல இருக்கு. அடுத்த வாரம் வாங்க. ஒண்ணும் ஆகாது, நான் அந்த மேடத்துக்கிட்ட பேசிக்கறேன்."

அவர் கும்பிட்டார். என்னைக் கும்பிட்டார் அந்த மனுஷன். "உங்களைத்தான் நம்பியிருக்கோம்" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார். மகள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வகுப்புக்குப் போய்ப் பழைய பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பேராசிரியைக்கு நான் போன் செய்யவில்லை. செய்தால் ஏன் தாமதம் என்று கேட்பார். நாலைந்து நாளில் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடுவில் சனி, ஞாயிறு வந்தன. ஒரு நாள் மழைக்கு விடுமுறை விட்டார்கள். ஆறாவது வேலைநாள் வந்தது, தலை எண்ணினார்கள், டிவிஷன் நின்றது. தலைமையாசிரியை எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். நானும் ஒன்று தின்றேன்.

மறுநாள் அப்பா வந்தார். டி.சி.யை நொடியில் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலமே இருவரும் திரும்பி வந்தார்கள். இடத்தை முந்தின நாள் வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்களாம். "நம்ம யோகம் அவ்வளவுதான் டீச்சரம்மா" என்று அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். டி.சி.யை வாங்கி, ரெஜிஸ்டரில் சிவப்பு மையால் ரத்து என்று குறுக்கே கோடு போட்டேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்தேன். கணக்கில் அவள் புரிந்துகொண்டதை எல்லாம் பார்த்து வாய் பிளந்த நான்தான் அப்படி நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் ஒரு நாரங்காயும் கொண்டுவரவில்லை. புதுக் கணக்குகள் கொடுத்துப் பார்த்தேன், புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், தேங்க்ஸ் டீச்சர் என்றாள், பிரிக்காமலே திருப்பித் தந்தாள். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க்தான். அத்தைக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் தோட்டத்துக்குத் திரும்பினாள். பிறகு கல்யாணம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். என் வேலை நின்றது, நிரந்தரமானது, கடைசியில் தலைமையாசிரியையாகப் பிரமோஷன்கூட வந்தது.

நாலு வருடம் முன்பு ஒரு காலையில் ஸ்டாஃப் ரூம் வாசலில், "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று ஒரு குரல். குரலுக்கு முன்னால் கண்களைத் தெரிந்துகொண்டேன். புருஷனுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை கிடைத்து ஊருக்கே குடிவந்திருந்தார்கள். அவள் கிழக்கே கோட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். பக்கத்தில் அவளுடைய மகள். ஐந்தாம் வகுப்பில், தமிழ் டிவிஷனில் சேர்க்க வந்திருந்தாள். எனக்கு மன்னிப்பே நேரில் நடந்து வந்ததுபோல இருந்தது.

மகளும் அப்படித்தான். ஒரு கணக்கை ஒரு வழியில் போட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. மூன்று வழி, நாலு வழி வேண்டும். இந்த முறை நான் எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். யாருடைய நோட்டையும் திருத்தக் கொடுக்கவில்லை. அவளுக்கென்று தனி நோட்டு, அதில் அவளால் போட முடியாத கணக்குகள் மட்டும். முதல் தடவை விடை வராதபோது அழுதாள். "வராம இருந்தாத்தான் அது உன் கணக்கு" என்றேன். தோற்றுப் பழக இடம் கொடுக்க வேண்டும் என்றும் முகாமில் சொன்னேன், அதை இவளிடம்தான் படித்தேன்.

போன வருடம் அவள் எட்டாம் வகுப்புக்கு வந்தாள். நான் எழுதிக் கேட்டிருந்த பெரிய பள்ளி ஒன்றில் அவளுக்கு இடம் இருக்கிறது என்று மார்ச்சிலேயே எனக்குப் பதில் வந்துவிட்டது. ஜூன் கடைசிவரை நேரம் தந்திருந்தார்கள். அவளுடைய அம்மாவிடம் நான் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் அந்த வருடமும் சரியான எண்ணிக்கை, ஒன்றுகூட அதிகம் இல்லை. விழுந்தால் வேலை போவது எனக்கல்ல, கைக்குழந்தையோடு புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு. ஏழாவது நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். இந்த முறைதான் நேரம் இருக்கிறதே.

பள்ளி திறந்த இரண்டாவது நாள் அம்மா வந்தாள். கடைச் சீருடையில், மழை சொட்டும் குடையோடு. என்னிடம் கேட்காமல், அதே பள்ளிக்குத் தானே போய் விசாரித்து இடத்தையும் உறுதி செய்திருந்தாள். மகளை வராந்தாவில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"டி.சி. வேணும் டீச்சர். இந்த வாட்டி ஆறாம் நாள் வரைக்கும் நிக்க மாட்டேன்."

"உனக்கு... அப்பவே தெரியுமா?"

"கிளார்க் சார் உள்ளே இருந்து சாயா குடிச்சிட்டிருந்தார். ஜன்னல் வழியா கண்டேன்."

"அப்பாட்ட ஏன் சொல்லலை?"

"கிளாஸ்ல எண்ணிப் பாத்தேன் டீச்சர். நான் போனா எண்ணிக்கைக்கு ஆள் காணாது. உங்க ஜோலி போகும்னு மத்த டீச்சர்மாரு பேசினதையும் கேட்டேன். எங்கூட யாரும் அதுவரைக்கும் 'எனக்கும் தெரியாது'ன்னு சொன்னதில்ல. நீங்கதான் சொன்னீங்க. உங்களைப் போகவிட மனசு வரல. அதான் மிண்டாம, வாயைத் திறக்காம இருந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, சாதாரணமாகச் சொன்னாள்: "எனக்குப் பன்னெண்டு வயசு டீச்சர். ஸீட் போயிரும்னு நினைக்கல. நீங்க பேசிக்கறேன்னு சொன்னீங்கல்லா."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், கடைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் ரெஜிஸ்டரை எடுத்தேன். ஆறாவது நாள் டிவிஷன் விழும் என்று தெரிந்தேதான் எழுதினேன். விழவும் விழுந்தது, அந்தப் புது டீச்சர் இன்றுவரை என்னுடன் பேசுவதில்லை. கண்ணீர் மறைத்ததால் ஒரு வரியை இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, நீட்டினேன்.

"தேதி இன்னைக்குத்தானே போட்டீங்க?" என்று கேட்டாள்.

"இன்னைக்குத்தான்" என்றேன்.

இருந்தும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் மடித்தாள்.