சுவெட்டரின் கரையை வெட்டினேன்

என் கணவருடைய அக்கா லண்டனில் இருக்கிறார். அவர் தம்பிக்கென்று கையால் ஒரு சுவெட்டர் பின்னி அனுப்பியிருந்தார். கடும் நீலம், முழுக்கை, அடியில் நாலு விரல் அகலத்துக்குத் தடித்த கரை. நல்ல கம்பளி. வேலையிலும் நான் இன்றுவரை ஒரு குறை சொன்னதில்லை. ஆனால் அது எழுந்து நிற்கிற மனிதனுக்குப் பின்னிய சுவெட்டர். என் கணவரால் எழுந்து நிற்க முடியாது.

தெல்தெனிய வீதியில் அவர் வந்த ஓட்டோ புரண்டதில் முள்ளந்தண்டு அடிபட்டுப் போனது. அதற்குப் பிறகு சக்கர நாற்காலிதான். இடுப்புக்குக் கீழே சூடு, குளிர், நோவு எதுவும் அவருக்குத் தெரியாது. வாயும் மூளையும் முன்னைப்போலவே வேலை செய்கின்றன. கணித ஆசிரியர். இப்போதும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து படித்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் கண்டியில் எந்தக் கடைக்குள் அவரைக் கொண்டுபோனாலும், எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் கேட்பார்கள்: “ஐயாவுக்கு என்ன வேணும்?” எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பேராதனைப் பக்கம் சரிவில் இருக்கிறது எங்கள் வீடு. மார்கழி, தை மாதங்களில் வெயில் சாயும் முன்னமே குளிர் இறங்கிவிடும். மற்றவர்களைவிட அவருக்குக் கூடக் குளிரும். அதனால் சுவெட்டர் வந்த நாளிலிருந்து அதைக் கழற்றவே மனமில்லாமல் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீடியோவில் வருவார்.

“அளவாய் இருக்குதோ தம்பி?”

“அந்த மாதிரி இருக்கு அக்கா, நல்ல அளவு.”

போனில் தெரிந்தது அவருடைய முகமும் கழுத்தும்தான். கீழே நடந்ததை நான்தான் பார்த்தேன். முன்பக்கம் மடியில் குவிந்து கிடந்தது. பக்கங்கள் இரண்டும் தொங்கி, நாற்காலிச் சில்லில் உரசிக் கறுத்துப்போயின. பின்பக்கம்தான் மோசம். அந்தத் தடித்த கரை சுருண்டு, அவருடைய முதுகின் அடியில் ஒரு கயிறு மாதிரி அழுத்திக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. உடம்பு துடைத்துவிடும்போது சிவப்பாய் ஒரு தடம் கண்டேன். சில நாட்களில் அது புண்ணாகிவிட்டது.

கிளினிக்கில் இருந்த நேர்ஸ் சுவெட்டரின் கரையை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “இதுதான் காரணம்” என்றார். இப்படியான புண் எலும்புவரை போய், ஆளையே கொண்டுபோயிருக்கிறது என்றும் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் யாரோடு கோபப்படுவது என்று தெரியாமல் அந்தக் கம்பளியோடு கோபப்பட்டேன்.

“இதை நான் வெட்டப்போறன்” என்றேன்.

“அக்கா என்ன நினைப்பா?”

“அக்காவோ உங்களுக்கு மருந்து கட்டுறது?”

“சரி, வெட்டும்” என்றார்.

கையால் பின்னியதைத் துணி மாதிரிக் கத்தரிக்க முடியாது. கண்ணிகள் கழன்று ஓடிவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த பின்னல் எனக்குக் கொஞ்சம் கைவசம் இருந்தது. முதலில் பக்கத் தையலைப் பிரித்தேன். பின்பக்கம் எந்த வரியோடு முடிய வேண்டும் என்பதை அவர் சக்கரக் கதிரையில் இருக்கும்போதே பார்த்து ஊசி குத்தி வைத்திருந்தேன். அந்த வரியில் ஓர் இழையை மட்டும் நறுக்கி, கண்ணி கண்ணியாக உருவினேன். தடித்த கரை அப்படியே கழன்று கையோடு வந்தது. மேலே திறந்த கண்ணிகள் வரிசையாய் நின்றன. ஒவ்வொன்றாகப் பின்னல் ஊசியில் ஏற்றினேன். ஒன்று நழுவி நாலைந்து வரி மேலே ஓடியபோது, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கழற்றிய கரையின் நூலையே கழுவிக் காயவைத்து எடுத்து, தடிப்பில்லாமல் இரண்டு வரி பின்னி முடித்தேன். முன்பக்கத்தையும் அதேபோலக் குறைத்தேன். பக்கங்களின் அடியை, சில்லில் தொங்காதபடி தைக்காமல் திறந்தே விட்டேன்.

புண் ஆறின பிறகு அவருக்கு அதைப் போட்டுவிட்டேன். எங்கும் சுருளவில்லை. முதுகில் ஒரு தடமும் விழவில்லை.

அடுத்த மார்கழியில் அக்கா வந்தார். வாசலிலேயே தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர் சுவெட்டரைப் பார்த்தார்.

“இதென்ன? கரை எங்கை?”

“நான்தான் மச்சாள் வெட்டினனான். கதிரையிலை இருக்கேக்கை அது முதுகிலை…”

“வெட்டினனீரோ? வேலைக்குப் போற ரயிலிலையும் வாற ரயிலிலையும் இருந்து பின்னினனான். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீரே? பாரும், சின்னப்பிள்ளையின்ரை சட்டை மாதிரிக் கிடக்கு. அவனுக்குக் குளிராதே?”

“அவரிட்டையே கேளுங்கோவன்.”

“அவனுக்கு என்ன தெரியும், பாவம்.”

அந்தப் ‘பாவம்’ என்னைச் சுட்டது. அதைவிடச் சுட்டது என் கணவரின் மௌனம். அவர் அதற்குள் கதிரையைக் கூடத்துக்குத் திருப்பி, தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்கத் தொடங்கியிருந்தார். வெட்டும் என்று சொன்னவர் அவர். அக்கா என்னை நிறுத்திவைத்து ஏசும்போது, யார் வீட்டிலோ நடக்கிற சண்டை மாதிரி ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குசினிக்குள் போய் கேத்தலை அடுப்பில் வைத்தேன். கேத்தலை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி வந்து தொலைக்காட்சியை நிறுத்தினேன்.

“நீங்கள் சொல்லித்தானே வெட்டினனான்? வாயைத் திறவுங்கோ.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

“அக்கா, பின்னாலை தூக்கிப் பாருங்கோ.”

அக்கா தூக்கிப் பார்த்தார். ஆறின புண்ணின் தழும்பு அங்கே பளபளவென்று கிடந்தது. அவருடைய கை சுவெட்டரைப் பிடித்தபடியே நின்றது.

“எப்ப வந்தது?”

“போன வருசம். இந்தச் சுவெட்டராலைதான்.”

அழப்போகிறார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது. “அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை? ஒவ்வொரு ஞாயிறும் அந்த மாதிரி இருக்கெண்டெல்லோ சொன்னனி!”

“சொன்னால் நீங்கள் அழுவியள். உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு இனி ஏலாது அக்கா. களைச்சுப்போனன்.” அவருடைய குரல் உயர்ந்தது. அவர் அப்படிக் கத்தி நான் வெகுகாலம் கேட்டதில்லை. “எனக்கு என்ன தெரியும் எண்டு கேக்கிறியள். புண் நொந்தது எனக்குத் தெரியாதுதான். நீங்கள் சொல்லுறது எல்லாம் கேக்குது.”

அன்று மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிடவில்லை. என் கணவருக்கும் நான் முகம் கொடுக்கவில்லை. அவ்வளவு நன்றாகப் பேசத் தெரிந்தவர், நான் வந்து கேட்கும்வரை ஏன் காத்திருந்தார் என்பதுதான் என் ஆத்திரம்.

காலையில் அக்கா என்னிடம் அளவு நாடா கேட்டார். தம்பி கதிரையில் இருந்தபடியே இருக்க, முதுகை ஒரு தரமும் முன்பக்கத்தை ஒரு தரமும் அளந்தார். “இதிலை முடிச்சால் சரியோ? இன்னும் மேலை வேணுமோ?” என்று அவரையே கேட்டார். அவரும் நிதானமாகப் பதில் சொன்னார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

போகும் நாளில் என்னிடம், “பிழையாய் நினைக்காதையும்” என்றார். எதைப் பிழையாய் நினைக்கக்கூடாது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சில மாதங்களில் புதுச் சுவெட்டர் வந்தது. சாம்பல் நிறம். பின்பக்கம் கட்டை, கரை மெல்லியது, பக்கங்கள் திறப்பு. நான் செய்தது போலவே, ஆனால் என்னுடையதைவிட நேர்த்தியாய். அவருக்கு அது நன்றாகப் பொருந்தியது. எனக்கும் சந்தோசம்தான்.

பிறகு ஒரு நாள் யாழ்ப்பாணத்தில் இருந்து அவருடைய மாமி போன் எடுத்தார். “கதிரையிலை இருக்கிற ஆக்களுக்கு எப்பிடிப் பின்னோணும் எண்டு உம்மடை மச்சாள் தானாய் யோசிச்சுக் கண்டுபிடிச்சிருக்கிறா. கெட்டிக்காரி!”

“மாமி, அதை முதல் வெட்டினது நான்” என்றேன்.

“ஓமோ? நீர் ஏதோ சுவெட்டரைப் பழுதாக்கிப் போட்டீர் எண்டெல்லோ அவ சொன்னவ.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை அவருடைய கையில் திணித்து, “இப்ப நீங்கள் சொல்லுங்கோ” என்றேன். இந்த முறை அவர் காத்திருக்கவில்லை. கிளினிக்கில் தொடங்கி எல்லாவற்றையும் மாமிக்கு ஒன்றுவிடாமல் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்று, கடைசிவரை கேட்டேன்.