வாராவாரம் பிறந்தநாள்

வீடுகளில் கூடி ஜெபிக்கக் கூடாது என்று உத்தரவு வந்த நாள் முதல், இஸ்திரிக்காரர் வீட்டில் ஞாயிறுதோறும் யாருக்காவது பிறந்தநாள். மேஜை நடுவில் கேக் இருக்கும். சுற்றி உட்கார்ந்தவர்கள் சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துப் பாடுவார்கள். கதவு தட்டினால் வேதப்புத்தகம் தலையணை உறைக்குள் போய்விடும். ஏற்பாடு போதகருடையது.

இஸ்திரிக்காரர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பவர். ஞாயிறு ஒருநாளாவது காலை நீட்டி உட்காரலாம் என்றால் அன்றைக்கும் நடிப்பு. போதகர் "வல்லமை, வல்லமை" என்று கிசுகிசுப்பார். அது அக்கினி மாதிரி இறங்கும் என்பார். இவரும் மனதாரக் கேட்டுப் பார்த்தார். வந்ததெல்லாம் கொட்டாவிதான்.

அந்த ஞாயிறு பிற்பகல் கதவு தட்டப்பட்டது. உள்ளே வந்த இன்ஸ்பெக்டர் கேக்கைப் பார்த்தார்.

"யாருக்குய்யா பிறந்தநாள்?"

எல்லாக் கண்களும் இஸ்திரிக்காரர் மேல் விழுந்தன.

"போன மாசமும் உனக்குத்தானேய்யா? மாசத்துக்கு ஒரு வயசு கூடுதா உனக்கு?"

"முகத்தப் பாத்தாலே தெரியலையா சார்?" என்று மனைவி சமாளித்தாள். இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, வெட்டுங்க. நானும் ஒரு துண்டு சாப்பிட்டுப் போறேன்."

வெட்டினார்கள். துண்டுகள் கைக்கு வந்தன. வாய்க்குப் போகுமுன், கூட்டத்தில் இருந்த தையல்கார அம்மா பழக்க தோஷத்தில் கண்ணை மூடித் தலைகுனிந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் குனிந்தார்கள். போதகர் உட்பட எல்லோர் வாயிலிருந்தும் ஒரே குரலில் "ஆமென்" வந்து விழுந்தது.



இன்ஸ்பெக்டர் துண்டைத் தட்டில் வைத்தார். அவர் முகத்திலும் அலுப்பு. "இங்க பாருய்யா, எனக்கும் இது பெரிய தலைவலி. பிறந்தநாள்தான்னு நீ தலைய ஆட்டுனா நான் போயிடுறேன். ஜெபம்னு சொன்னா வீட்டுக்குப் பூட்டு, உனக்கு ஸ்டேஷன். என்ன சொல்ற?"

போதகர் தரையைப் பார்த்தார். மனைவி, "தலைய ஆட்டுங்களேன்" என்று கண்ணால் கெஞ்சினாள்.

தலையை ஆட்டுவது பெரிய வேலையில்லை. ஆனால் அடுத்த ஞாயிறும் ஆட்ட வேண்டும், அதற்கடுத்த ஞாயிறும். அதை நினைத்ததுமே இஸ்திரிக்காரருக்கு உடம்பெல்லாம் வலித்தது. பயம் எங்கே போனதென்று தேடினார். அகப்படவில்லை.

"ஜெபம்தான் சார். இயேசுவக் கும்பிடுறோம். வாராவாரம் கும்பிடுறோம். பொய் சொல்ல இனிமே தெம்பு இல்ல."

தன் குரல் இவ்வளவு நிதானமாக இருக்குமென்று அவருக்கே தெரியாது.

"தெம்பில்லாதவன் பேசுற பேச்சாய்யா இது?" என்றார் இன்ஸ்பெக்டர். மற்றவர்களைக் கலைந்து போகச் சொல்லிவிட்டு, இவரை மட்டும் ஜீப்பில் ஏற்றினார். வீட்டைப் பூட்ட ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டார்.

ஸ்டேஷன் பெஞ்சில் சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். தோளில் யாரோ தட்ட, விழித்தார். மனைவி. கையில் துணிப்பை.

"ஏம்மா, உன்னத்தான் போகச் சொல்லிட்டாங்களே. உங்க அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டியதுதானே?"

"கிளம்புனேன். பூட்டுப் போட்ட போலீஸ்காரரு, 'நீயாவது பிறந்தநாள்னு சொல்லும்மா, உன் வீட்டுக்காரர விட்டுடுவாங்க'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஜெபம்னுதான். இல்லன்னா என்னையும் எதுக்கு இங்க கூட்டிட்டு வராங்க? கொஞ்சம் தள்ளி உக்காருங்க, காலு வலிக்குது."

அவர் தள்ளி உட்கார்ந்தார்.