நட்ட முடியைக் காணிக்கை கொடுத்தேன்

எண்பத்து மூன்றாம் வருடம் ஆவணியில், சென்னையில் ஒரு மருத்துவர் என் பின்மண்டையிலிருந்து முடியோடு தோலைச் சின்னச் சின்ன வட்டங்களாக எடுத்து முன்வழுக்கையில் நட்டார். எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. நட்ட முடி முதலில் உதிர்ந்தது. தை பிறந்தபின் முளைத்தது. என் நாட்குறிப்பில் அந்த மாதம் முழுக்க வேறு செய்தியே இல்லை.

முடி வந்தது, நிம்மதி வரவில்லை. வழுக்கையாக இருந்தவரை பிறர் பார்வைக்குத்தான் பயந்தேன். இப்போது காற்று, மழை, சீப்பு எல்லாவற்றுக்கும் பயம். தலையணையில் கிடக்கும் முடியைப் பொறுக்கி, நட்டதா பழசா என்று வெளிச்சத்தில் பார்ப்பேன். சிம்மக்கல் மொத்தக்கடையில் உடன் வேலை பார்த்தவர்களிடம் மூலிகைத் தைலம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

மாசியில் மனைவி சொன்னாள்: "ஏங்க, முடி நல்லபடியா முளைச்சா அழகர்கோயில்ல மொட்டை போடுறதா நேந்திருக்கேன்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். வேற யாருக்கு முளைச்சுச்சு?"

மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன். வேர் இருக்கிறது, மழித்தாலும் வளரும் என்று பதில் வந்தது. ஐந்து முறை படித்தும் நம்ப முடியவில்லை. போதாததற்கு, மழித்தால் பின்மண்டைத் தழும்புகள் என் பொய்யைக் காட்டிக்கொடுக்கும். ஐந்து மாதம் தள்ளிப்போட்டேன். தலையைக் காவல் காத்தே களைத்துப்போய், ஆடிக் கடைசி வெள்ளியன்று, "கிளம்பு" என்றேன்.

பாதி மழித்ததும் நாவிதர் கத்தியை நிறுத்தினார். "அண்ணே, பின்னால என்ன, அம்மைத் தழும்பா?"

"முடி எடுத்த இடம். முன்னால நட்டிருக்கு." அதை வெளியாள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல்முறை.

"இம்புட்டு பாடுபட்டு நட்டதையா கொடுக்க வந்தீங்க!" என்று சிரித்துக்கொண்டே மீதியையும் மழித்தார்.

திங்கட்கிழமை கடையில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"நாத்து நட்டுட்டுத் தைலம்னு கதை விட்டியா மாப்ள?" என்றான் பக்கத்து மேசைக்காரன். "கரும்பு மாதிரி வெட்டுன எடத்துல மறுபடி தழையுமாடா?"

மூன்று நாளாக முன்னந்தலையைத் தொட எனக்குத் துணிவில்லை. அவன் கேட்காமலே உள்ளங்கையை வைத்துத் தேய்த்தான்.

"அடேய், குத்துதுடா! இங்கயும் குத்துது!"

நானும் தொட்டேன். பின்னால் எப்படியோ முன்னாலும் அப்படியே.

அடுத்த சித்திரையில் வெயில் தாங்கவில்லை. யாரும் நேர்ந்துகொள்ளாமலே வில்லாபுரம் சலூனில் போய் உட்கார்ந்து, "முழுசா எடுத்திருங்க" என்றேன்.