ஒரு சாண் மண்ணில் வேலி

தோட்டத்தில் வேலை செய்துவிட்டுக் கை கழுவினால் இங்கே தண்ணீர் வெள்ளையாக ஓடுகிறது. இங்கிலாந்தின் தென்பகுதியில் நாங்கள் வாங்கிய வீடு ஒரு சுண்ணாம்பு மேட்டின் மீது இருக்கிறது. ஒரு சாண் தோண்டினால் மண் முடிந்துவிடும். அதற்குக் கீழே சாக்பீஸ் போல வெள்ளைப் பாறை. போன குளிர்காலக் காற்றில் தெருவோரப் பலகை வேலி சாய்ந்துபோனது. எங்கள் மகளுக்கு மூன்று வயது. கதவைத் திறந்தால் நேரே சாலைக்கு ஓடுவாள். மனைவி ஸ்டெல்லா மருத்துவமனையில் நர்ஸ், அவளுக்கு நேரம் கிடைப்பதில்லை. அதனால் வேலி என் பொறுப்பானது. பலகை வைத்தால் மறுபடியும் சாயும், செடியே வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருந்தவன் நான். தோலைக் கட்டைவிரலால் நீவியே எங்கே இளகும், எங்கே கிழியும் என்று சொல்வேன். அந்தத் தைரியத்தில் நர்சரிக்குப் போய், இலை பெரிதாகப் பளபளவென்று இருந்த லாரல் செடிகளை வாங்கிவந்தேன். பக்கத்து வீட்டு காலின், பஸ் ஓட்டுகிறவர், நான் குழி தோண்டுவதைப் பார்த்துவிட்டு, "நானாக இருந்தால் அதை வைக்க மாட்டேன்" என்றார் சிரித்தபடி. அவருக்கு அந்தச் செடி பிடிக்காது போல என்று எண்ணி, "எங்களுக்குப் பிடித்திருக்கிறது" என்று நானும் சிரித்தேன். 'வைக்காதே' என்பதை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள் என்பது ஆகஸ்டில் புரிந்தது. இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்றதெல்லாம் சுண்ணாம்பு ஒத்துக்கொள்ளாமல் மஞ்சளாகிக் காய்ந்தது. எங்கள் ஊர்ப் பக்கமாக இருந்தால் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "இன்னா பண்ற நீ?" என்று கேட்டிருப்பார்கள்.

கம்பி வலை கட்டி மகளைத் தடுத்துவிட்டு, நவம்பரில் காலினிடமே போய்க் கேட்டேன். ஆழமில்லாத சுண்ணாம்பு மண்ணுக்கு ஹாதார்ன் என்ற முள்செடிதான் சரி என்றார். பெரிதாக வாங்கக் கூடாதாம். இலை உதிர்ந்தபின் வேரில் மண் இல்லாமல் கட்டாக விற்பார்கள், பென்சில் கனத்தில் குச்சிகள். சிறிதாக வைத்தால்தான் வேர் பாறை இடுக்கில் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளுமாம்.

அந்த வாரம்தான் தங்கை எஸ்தர் ஆம்பூர் பக்கத்து மாதனூரிலிருந்து போன் செய்தாள். அவளும் ஷூ கம்பெனியில் தைக்கிறாள். கம்பெனி பஸ் வருவதற்கு முன்னும், ஞாயிற்றுக்கிழமையிலும் அப்பா விட்டுப்போன முக்கால் ஏக்கரைப் பார்த்துக்கொள்கிறாள். மலையடிவாரம். அங்கேயும் பாறைமேல் போர்த்தின மாதிரிதான் மண்.

"அண்ணா, நம்ம எல்லைக் கல்லு எங்க இருந்துச்சு? உனக்குத்தான அப்பா காட்டினாரு."

பக்கத்து நிலத்தில் பிளாட் போடுகிறார்கள். ஜேசிபி ஓடியதில் கல்லைக் காணோம். சர்வேயருக்கு மனு கொடுத்திருக்கிறாள். அவர் வருவதற்குள் யாரும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது. கல் கம்பம் நட்டு முள்கம்பி கட்டு என்றேன்.

"கம்பத்துக்கு ஒரு முழமாவது எறங்கணும். இங்க ஏது அவ்ளோ மண்ணு? கிளுவைக் குச்சி வெட்டி வெச்சிருக்கேன், நட்டா அதுவே வேர் புடிச்சு வேலியாயிடும். மழை ஈரம் காயறதுக்குள்ள நடணும். நீ எல்லைய மட்டும் சொல்லு."

அப்பா காட்டியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அவர் கையை நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் தூரத்துப் பெங்களூர் ரோட்டில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஞாபகம் இல்ல எஸ்தர்."

"அப்பா எனக்குக் காட்டியிருக்கலாம்," என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிறு காலை, உறைபனியில் ஹாதார்ன் குச்சிகளை நட ஆரம்பித்திருந்தேன். வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே மதியம், கையில் கடப்பாரை.

"அப்பா ஏரு ஓட்டின வரைக்கும் கடப்பாரை ஒரு சாண் எறங்குதுண்ணா. அதத் தாண்டினா டங்குனு கல்லு."

அப்படியே நெடுகக் குத்திப் பார்த்து, எல்லையை அவளே கண்டுபிடித்திருந்தாள். அதிலிருந்தும் ஒரு அடி உள்ளே தள்ளித்தான் நடுகிறாளாம், வம்பு வேண்டாமென்று. நாலு வருடமாக அந்த மண்ணை மிதிக்காதவன், அந்த நிலத்தை 'என் நிலம்' என்று இங்கே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

"பட்டாவ உன் பேருக்கு மாத்திடலாம் எஸ்தர்."

"அத அப்புறம் பேசலாம். இப்ப வரிசை கோணலாப் போவுதான்னு பாரு," என்று போனை ஒரு கல்லில் சாய்த்துவைத்துவிட்டுக் குச்சிகளோடு தள்ளிப் போனாள்.

"கொஞ்சம் இடது பக்கம் வா," என்றேன்.

"உன் இடதா, என் இடதா?"

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் கீழே பார்த்தேன். அவளை எவ்வளவு நகரச் சொன்னேனோ அவ்வளவு நானும் நகர்ந்து, என் வரிசையை விட்டு விலகி, பனி படிந்த புல்லில் நின்றிருந்தேன்.